வாசம் வரும்வரை இழைத்தேன்

வசம்பு என்று எழுதிவிட்டேன். எழுதினால் தப்பில்லை என்று வைத்துக்கொண்டேன். கைதானே எழுதியது, வாய் சொல்லவில்லையே.

எங்கள் பக்கத்தில் கைப்பிள்ளை இருக்கும் வீட்டில் அந்தப் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் மருந்தின் சக்தி போய்விடும் என்பார்கள் சிலர். பிள்ளைக்கு ஆகாது என்பார்கள் சிலர். ஏன் என்று கேட்டால் "சொல்லக் கூடாதுன்னா சொல்லக் கூடாது, அவ்வளவுதான்" என்று வாயை அடைத்துவிடுவார்கள். புருஷன் பெயரையும் சொல்லக் கூடாது, இதன் பெயரையும் சொல்லக் கூடாது என்றிருந்தபோது வாழ்க்கைப்பட்டவள் நான். ரேஷன் கார்டு எழுத வந்தவர் கேட்டபோது புருஷன் பெயரைச் சொல்லிவிட்டேன். அரிசி வேண்டுமே. இதன் பெயரை மட்டும் எழுபது தாண்டியும் சொல்லாமல் காப்பாற்றி வைத்திருந்தேன். "பேர் சொல்லாதது" என்போம். கொஞ்சம் செல்லமாக "பிள்ளை வளர்த்தி" என்போம்.

நாகப்பட்டினத்துக் கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் பாய்க்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே என்னிடம் வம்பு இழுப்பார்.

"பேர் சொல்லாதது ஒரு துண்டு குடுங்க பாய்."

"பேர் சொல்லாம கேட்டா எதைன்னு எடுக்குறது பெரியம்மா? கடையில எத்தனை டப்பா இருக்கு பாருங்க."

"ஒங்க வீட்டுல ஒங்கள எப்புடிக் கூப்புடுறாங்க? பேர் சொல்லியா?"

"இல்ல. ‘இந்தாங்க’ம்பாங்க."

"கூப்புட்டா போறீங்கல்ல? அது மாதிரி அதுவும் வரும். டப்பாவைத் தொறங்க."

இப்படி வாங்கிவந்த ஒரு துண்டைத்தான் முதலில் நட்டேன். கீழ்வேளூர்ப் பக்கம் எங்கள் கொல்லையில், வாய்க்கால் ஓரமாக ஒரு பள்ளம் உண்டு. ஆற்றில் தண்ணீர் வந்தால் நிற்கும், இல்லாவிட்டாலும் அடிபம்பிலிருந்து வழிவது போய்ச் சேரும். எப்போதும் சதசதவென்று இருப்பதால் அங்கே கத்தரியும் வராது, வெண்டையும் வராது. அந்தச் சேற்றில் கடைத்துண்டைப் புதைத்தேன். ஒரு மாதம் போல தினம் போய்ப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் கேட்டால் "மொளைச்சிக்கிட்டு இருக்கு" என்று கூசாமல் சொன்னேன். ஒன்றும் முளைக்கவில்லை. பாயிடம் போய்க் குறைப்பட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் தராசு ஆடியது.

"காய வெச்சுத்தானே பெரியம்மா விக்கிறோம். கருவாட்டைக் கொளத்துல விட்டா நீந்துமா?"

பாவம் பார்த்து, சரக்கு வரும் வழியில் சொல்லி, ஈரச் சாக்கில் சுற்றிய பச்சைக் கிழங்கு மூன்று விரல் நீளம் வரவழைத்துக் கொடுத்தார். கணுக்கணுவாக இருந்தது. ஒரு முனையில் கொக்கின் மூக்குபோல் இளம்பச்சை முளை. மூன்றாக நறுக்கினேன். நான் ஊர் வயல்களிலெல்லாம் நடவு நட்ட கைக்காரி. அதே பழக்கத்தில் கட்டைவிரலால் முதல் துண்டை ஆழமாக அழுத்திவிட்டேன். அழுகிப்போயிற்று. நெல் நாற்று குத்துவதுபோல் இதைக் குத்தக் கூடாது என்று பிறகுதான் புரிந்தது. படுக்க வைக்க வேண்டும். எருமை சேற்றில் கிடக்குமே, முதுகு மட்டும் வெளியே தெரிய, அப்படி. மற்ற இரண்டையும் அப்படிக் கிடத்தினேன். பிழைத்துக்கொண்டன. அடுத்த தையில் பள்ளம் முழுக்க வாள் வாளாக நின்றது.

அதற்கு ஒரு திருட்டுக் கூட்டாளியும் உண்டு. வாய்க்காலில் தானாக மண்டும் சம்பு. பெயரைப் பாருங்கள், ஒரு எழுத்துதான் வித்தியாசம். இலையும் அண்ணன் தம்பிபோல் இருக்கும். வேலி தாண்டி வந்து என் செடிக்கு நடுவில் நின்றுகொண்டு, நானும் மருந்துதான் என்று முகத்தை வைத்துக்கொள்ளும். ஆனால் பிரித்துவிடலாம். பிள்ளை வளர்த்தியின் இலையில் தண்டுபோல ஒரு நரம்பு ஓடும், அது நடுவில் ஓடாது, ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடும். இலையின் ஓரம் தையல் இழுத்த ரவிக்கைத்துணிபோல் லேசாகச் சுருங்கியிருக்கும். சம்புக்கு நரம்பும் கிடையாது, சுருக்கமும் கிடையாது, உள்ளே பஞ்சு. இதெல்லாம் கண்ணுக்கு. உண்மையான சோதனை மூக்குக்குத்தான். இலையைக் கசக்கினால் ஆரஞ்சுத் தோலைக் கிள்ளியதுபோல ஒரு வாசம். கிழங்கைக் கீறினால் அந்த வாசமே கசப்பும் காரமும் ஏறி மூக்கைக் குத்தும். சம்பைக் கசக்கினால் சேறுதான் மணக்கும்.

அந்த மூக்குதான் எனக்குப் போய்விட்டது.

கொரோனா வந்து வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு மூலையில் கிடந்தபோது எனக்கும் வந்தது. எல்லோருக்கும் வாசனை போனது, எல்லோருக்கும் திரும்பியது. எனக்குத் திரும்பவில்லை. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று இருந்தேன். பிறகு, வராததை வெளியே சொல்லுவானேன் என்று இருந்துவிட்டேன். கண் மங்கினால் கண்ணாடி போடலாம். முட்டி வலித்தால் ஊரெல்லாம் சொல்லிப் புலம்பலாம், கூட நாலு பேர் சேர்ந்து புலம்புவார்கள். மூக்கு போனவளை அடுப்படியில் விடுவார்களா? "நீங்க ஒக்காருங்க" என்பார்கள். அந்த "ஒக்காருங்க" என்ற வார்த்தை இருக்கிறதே, அதைவிட ஒரு கிழவிக்கு வேறு வசவு வேண்டாம்.

அதனால் ஒரு தந்திரம் பண்ணினேன். விடுகதை போடுவதுபோல் கேட்பேன். "ரசம் எறக்கலாமா? மோந்து பாத்து சொல்லு பாப்போம், ஒனக்கு எவ்வளவு தூரம் சமையல் தெரியுதுன்னு." அவர்கள் சொல்லிவிடுவார்கள். நான் பரீட்சை வைத்தவள்போல் தலையாட்டிக்கொள்வேன். பால் திரிந்ததா என்பதற்கும் இதே விடுகதை. பின்னால் வீட்டுக்குக் கைப்பிள்ளை வந்தபோது, துணியை நனைத்துவிட்டாளா, வெளிக்குப் போய்விட்டாளா என்பதற்கும் இதே. ஒரு நாள் சாம்பார் அடிப்பிடித்துக் கருகியே போனது. "கருகுனது வயித்துக்கு நல்லது, டிவில சொன்னான்" என்றேன். டிவி சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

பேத்தி பிரசவத்துக்கு வந்தாள். என் மகள் வயிற்றுப் பேத்தி. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, லீவு போட்டிருந்தாள். புருஷன் துபாயில். என் மகள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். காலையில் போனால் மதியத்துக்கு மேல்தான் வருவாள். ஆக, காலை முழுக்க வீட்டில் பேத்தி, அவள் பெற்ற பெண்குட்டி, நான். குட்டிக்கு அழகாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். என் வாயில் நுழையாது. குட்டி என்றுதான் கூப்பிடுவேன்.

குட்டியோடு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கே பேத்தி சட்டம் போட்டுவிட்டாள். ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான்.

"தேன் கூடாது, சர்க்கரைத் தண்ணி கூடாது, வெந்நி கூடாது, கழுதைப் பால் கூடாது. கிரைப் வாட்டர் கூடவே கூடாது. சரியா அம்மாயி?"

"கழுதைக்கு எங்கடி போவேன்? ஒன் தாத்தாவும் போய்ச் சேந்துட்டாரு."

"சிரிக்காதீங்க. சத்தியம் பண்ணுங்க."

"எந்தக் கையால?"

"ரெண்டு கையாலயும்."

இரண்டு கையாலும் அவள் தலையில் வைத்துச் சத்தியம் பண்ணினேன். பண்ணும்போதே ஒன்று கவனித்தேன். அவள் அடுக்கிய பட்டியலில் அது இல்லை. அவள் மனதில் இருந்திருக்கும். ஆனால் அவளும் இந்த வீட்டுப் பெண்தானே, மடியில் குட்டியை வைத்துக்கொண்டு அந்தப் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. பெயர் சொல்லாததால் அது சத்தியத்துக்குள் வரவில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் பெரிய கெட்டிக்காரி.

குட்டியின் கையில் வளையலாகக் கட்டுவதற்கு மட்டும் ஒத்துக்கொண்டாள். பத்து நாள் குட்டியாக இருக்கும்போது, காய்ந்த கிழங்கை மணிமணியாக நறுக்கிக் கறுப்புக் கயிற்றில் கோத்து நானே கட்டினேன். "வாயில வெச்சுக்கற வயசு வந்ததும் கழட்டிடணும்" என்றாள். "அதுக்குள்ள நான் இருந்தா பாப்போம்" என்றேன். கிழவிகள் எல்லோரும் சொல்லும் மிரட்டல். அவள் சிரித்தாள்.

மூன்றாம் மாதத்தில் குட்டி அழ ஆரம்பித்தாள். காலை பத்து மணிக்குத் தொடங்கினால் கால்களை மடக்கிக்கொண்டு, முகம் செம்பருத்தியாகி, ஊரைக் கூட்டுவாள். டாக்டரிடம் காட்டினார்கள். வாயுத் தொந்தரவு, தானாகச் சரியாகும், தோளில் போட்டுத் தட்டிக்கொடுங்கள் என்றார். தட்டினோம். ஒரு வாரம், இரண்டு வாரம். பேத்தி கண்ணுக்குக் கீழே கறுத்துப்போனாள். ஒரு நாள் குட்டியோடு சேர்ந்து அவளும் அழுதாள். கையில் மருந்தை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறோமே என்று எனக்கு உள்ளங்கை அரித்தது. நாலு பிள்ளைகளும் ஏழு பேரப்பிள்ளைகளும் இதை நக்கி வளர்ந்தவர்கள். அவர்களில் ஒருத்திதானே இங்கே உட்கார்ந்து அழுகிறாள்.

மறுநாள் காலை அவள் குளிக்கப் போனாள். குட்டி அழுதுகொண்டிருந்தாள். மார்கழியில் தோண்டி நிழலில் காயவைத்த கிழங்கு அரிசிப் பானைக்குள் இருந்தது. எடுத்தேன். விளக்கெண்ணெய் தொட்டு நெருப்பில் காட்டினேன். மேல் தோல் கரியானதும் உரைகல்லில் ஆறின வெந்நீர் நாலு சொட்டு விட்டு இழைத்தேன்.

இதற்கு ஸ்பூன் கணக்கு, சொட்டுக் கணக்கு எதுவும் கிடையாது. எங்கள் கணக்கு மூக்குக் கணக்கு. கல்லில் இழைக்கும்போது சுருக்கென்று வாசம் ஏறும். ஏறிய உடனே கையை எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் அளவு. மூன்று சுற்றிலேயே ஏறிவிடும். அதற்கு மேல் ஒரு சுற்றுக்கூட ஆகாது.

மூன்று சுற்று இழைத்தேன். வாசம் வரவில்லை. கிழங்கு முற்றாமல் தோண்டிவிட்டேனோ என்று இன்னும் இழைத்தேன். குட்டி கத்திக்கொண்டிருந்தாள். குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் எப்போது நிற்கும் என்று ஒரு காது அங்கே. கை பாட்டுக்கு இழைத்துக்கொண்டிருந்தது. எனக்கு மூக்கு இல்லை என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அத்தனை வருஷமாக வாசம் வந்தால் நின்ற கை, வாசம் வராமல் நிற்கவில்லை. கைக்கு யார் போய்ச் சொல்வது? நிறுத்தியபோது கல்லில் சந்தனம்போல் திட்டாக இருந்தது. அத்தனையையும் வழித்துக் குட்டியின் நாக்கில் தடவினேன். முகத்தைச் சுளித்தாள், சப்புக்கொட்டினாள், அழுகையை நிறுத்தினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தலையில் துண்டோடு பேத்தி வந்தாள். "என்னமோ வாசனை வருது அம்மாயி. கருகின மாதிரி."

வீடு முழுக்க மணந்திருக்க வேண்டும். எனக்குத்தான் அது தோன்றவேயில்லை.

"பாலு பொங்கிடுச்சு" என்றேன். கிழங்கை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

குட்டி தூங்கினாள். "அப்பாடா" என்று பேத்தியும் சாய்ந்தாள். அரை மணி இருக்கும், குட்டி வாந்தி எடுத்தாள். துடைத்தோம். மறுபடி எடுத்தாள். மறுபடியும். நாலாவது முறைக்கு உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் நுரை. அப்புறம் வாந்தி நின்றது. அதற்கப்புறம்தான் பயமாகிவிட்டது. மார்பில் வைத்தால் சப்பவில்லை. கன்னத்தைத் தட்டினால் கண்ணைத் திறந்து, எங்கேயோ பார்த்து, மூடிக்கொண்டாள். கையைத் தூக்கி விட்டால் ஈரத்துணி விழுவதுபோல் விழுந்தது.

ஆட்டோவில் போகும்போது பேத்தி, குட்டிக்கு மூச்சு வருகிறதா என்று விரல் வைத்துப் பார்த்தபடி இருந்தாள். நான் குட்டியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டே வந்தேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று வழியெல்லாம் நெஞ்சு அடித்தது. ரயில்வே கேட்டுக்குள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கேட் தாண்டிவிட்டது. பேருந்து நிலையத்துக்குள் என்று நினைத்தேன். அதுவும் தாண்டிவிட்டது.

பிள்ளைகளுக்கான ஆஸ்பத்திரி. டாக்டர் சின்னப் பெண், வெளியூர். குட்டியைக் கட்டிலில் போட்டுக் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தாள்.

"காய்ச்சல் இல்ல. ஆனா இவ்வளவு சோர்ந்திருக்கே. பால் தவிர வேற ஏதாவது குடுத்தீங்களா?"

"இல்ல டாக்டர்" என்றாள் பேத்தி. "தாய்ப்பால் மட்டும்தான். ஒரு சொட்டுத் தண்ணிகூடக் குடுத்ததில்ல."

எவ்வளவு நிச்சயமாகச் சொன்னாள். அந்த நிச்சயம் என் இரண்டு கையும் வைத்த சத்தியத்தில் வந்த நிச்சயம்.

"அப்ப மூளைக்காய்ச்சலா இருக்குமான்னு பாக்கணும். ரத்தம் எடுப்போம். முதுகுத்தண்டுல ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டி வரலாம். கையெழுத்துப் போடுங்க."

என் கைக்கு ஒரு சாண் நீளம்கூட இல்லை அந்த முதுகு.

"டாக்டரம்மா" என்றேன். "நான் ஒண்ணு குடுத்தேன்."

பேத்தி திரும்பினாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

"என்ன பாட்டி குடுத்தீங்க?"

"பேர் சொல்லாதது."

"பேர் தெரியாம எதையோ குடுத்தீங்களா?"

"பேர் தெரியும்."

"அப்ப சொல்லுங்க."

"சொல்லக் கூடாது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "யாரு சொல்லக் கூடாதுன்னது? யாராவது மெரட்டுறாங்களா பாட்டி?"

வேறு நாளாக இருந்தால் இதை ஒரு மாதம் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பேன். அன்றைக்குப் பெயர் நாக்கு நுனி வரை வந்தது, நின்றது. கட்டிலில் குட்டி கிடந்தாள். பிள்ளை முன்னால் சொல்லக் கூடாது, பிள்ளைக்கு ஆகாது. சொல்லாவிட்டால் முதுகில் ஊசி. பேத்தி என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"சொல்லுங்க அம்மாயி!"

"வசம்பு" என்றேன்.

ஒன்றும் ஆகவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. டாக்டர் சீட்டில் எழுதினாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், எழுதுவதும் அப்படித்தான். அந்தச் சீட்டில் தமிழில் நாலு எழுத்து. எழுத்தாக அதை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். இவ்வளவு சின்னப் பெயரா என்றிருந்தது.

"எவ்வளவு குடுத்தீங்க?"

"மூணு சுத்து" என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. பிறகு, "இல்ல. கூட. எவ்வளவுன்னு தெரியல" என்றேன்.

"வசம்புன்னு நெனச்சு வேற வேரைக் குடுத்துட்டு வர்றவங்களும் இருக்காங்க. இது வசம்புதானா?"

இடுப்பிலிருந்து கிழங்கை எடுத்து நீட்டினேன். டாக்டர் முகர்ந்து பார்த்தாள். "எனக்கு இதுல பழக்கம் இல்ல. நீங்கதானே பாட்டி வளக்குறீங்க? மோந்து பாத்து நிச்சயமா சொல்லுங்க."

மூக்கில் வைத்தேன். சுவரை முகர்ந்ததுபோல் இருந்தது.

"கடைத்தெருவுல மருந்துக்கடை பாய் இருக்காரு. ஒரு எட்டு போய்க் கேட்டுட்டு வந்துடறேன்."

பேத்தி என்னை உற்றுப் பார்த்தாள். "ஒங்க கொல்லையில ஒங்க கையால நட்டது. ஒங்களுக்குத் தெரியாதா?"

கிழங்கை முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தேன். முட்டி வலி எங்கே போனதோ. வெயிலில் போகும்போது ஒன்றே ஒன்றுதான் வேண்டிக்கொண்டேன். குட்டி பிழைக்க வேண்டும் என்பதற்கு அடுத்தபடி, இது அது இல்லை என்று பாய் சொல்ல வேண்டும். மார்கழியில் சேற்றில் கையை விட்டுத் தடவித்தான் தோண்டினேன், முகர்ந்து பார்க்க முடியவில்லை. பக்கத்திலேயே சம்பு நின்றது. வாய்க்கால் சாக்கடையைக் குடித்து வளர்ந்த சம்பு வேரை எடுத்துவிட்டிருக்கலாம். அப்படியிருந்தால் தப்பு என் மூக்கோடு போகும். நாலு பிள்ளைகளுக்கும் ஏழு பேருக்கும் கொடுத்தது தப்பில்லாமல் நிற்கும். ஒரு கிழவி, தன் கையால் நட்ட செடி வேறு செடியாக இருக்கட்டும் என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டு போனது அந்தத் தெருவில் என்னைத் தவிர யாரும் இருக்க முடியாது.

"வாங்க பெரியம்மா, பேர் சொல்லாதவங்களே" என்றார் பாய். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"இது வசம்பான்னு பாருங்க பாய்."

நான் பெயர் சொன்னதைக் கேட்டே அவருக்குப் பாதி விஷயம் புரிந்திருக்க வேண்டும். கிழங்கை நகத்தால் கீறினார். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. மூக்கில் வைத்தவர் சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுத்தார்.

"இதேதான். நல்லா முத்துன சரக்கு. என் கடையில இருக்கறதைவிடக் காட்டம். ஏன், ஒங்களுக்குத் தெரியலையா?"

"எனக்கு மூக்கு போச்சு பாய். கொரோனாவுல போனது. யாருக்கும் தெரியாது."

அவர் கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இழைக்கும்போது வாசம் வந்தா நிறுத்தணுமே" என்றார் மெதுவாக. கேள்வியாகக் கேட்கவில்லை. சொன்னார்.

"வரல. அதனால நிறுத்தல."

கிழங்கை ஒரு தாளில் மடித்துக் கையில் கொடுத்தார். "போங்க பெரியம்மா. போய் இதையும் டாக்டர்கிட்டச் சொல்லுங்க."

சொன்னேன். டாக்டரிடம் சொல்வதுபோல், பேத்தி காதில் விழும்படி சொன்னேன். மூக்கு போனது, மறைத்தது, வாசத்துக்காகக் காத்துக்கொண்டு இழைத்தது, பால் பொங்கியது என்று சொன்ன பொய், எல்லாம். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"மூக்கு இருந்தாலும் குடுக்கக் கூடாது பாட்டி. கொஞ்சமா குடுத்தாலும் கூடாது. இவ்வளவு சின்னக் கொழந்தைக்கு இது வேணாம். வளையலையும் கழட்டிடுங்க, கையை வாயில வெச்சுக்கும்."

"எங்க பிள்ளைங்க எல்லாம் நல்லாத்தானே இருந்தாங்க" என்று கேட்க வாய் வந்தது. மூடிக்கொண்டேன். அந்தக் கேள்வி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. என் நாலில் ஒன்று கைப்பிள்ளையாக இருக்கும்போது இரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்து எழுந்தது. திருஷ்டி என்றோம், மிளகாய் சுற்றிப் போட்டோம். அன்றைக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான், அது திருஷ்டிதானா என்று முதல்முறையாக நினைத்தேன். இப்போது நினைத்து என்ன செய்ய?

முதுகில் ஊசி போடவில்லை. புறங்கையில் குழாய் ஏற்றி, பக்கத்திலேயே வைத்துப் பார்த்தார்கள். என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக ஓடிவந்தாள். விஷயத்தைக் கேட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு குட்டியிடம் போய்விட்டாள். மறுநாள் விடிந்தபின் குட்டி அழுதாள். பசி அழுகை. ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்த எனக்குக் கேட்டது. இரண்டு வாரமாக எந்தச் சத்தத்தை நிறுத்த வேண்டும் என்று துடித்தேனோ, அதே சத்தம். எழுந்து உள்ளே போகக் கால் வரவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

வீட்டுக்கு வந்தபின் நான்கு நாள் பேத்தி என்னோடு பேசவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிட்டாள். குட்டியை என் கையில் தரவில்லை. குளிக்கப் போகும்போது அம்மாவுக்காகக் காத்திருந்து, மதியத்துக்கு மேல் குளித்தாள். நான் ஒரு விடுகதைகூடப் போடவில்லை. வீடு கோர்ட்டுபோல் இருந்தது. ஐந்தாம் நாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். இரண்டு வெட்டு வெட்டியிருப்பேன், பின்னால் அவள் குரல்.

"என்ன பண்றீங்க?"

"புடுங்கி எறியறேன். இது இருக்கக் கூடாது."

"அதை ஏன் வெட்டுறீங்க? அது ஒண்ணையும் மறைக்கலையே."

மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். வெட்டுப்பட்ட கிழங்கு சேற்றில் சிவப்பாகத் தெரிந்தது. அவள் ஒரு கையில் குட்டியை வைத்துக்கொண்டு, குனிந்து ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கினாள். என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"ஒண்ணுமே தெரியலையா?"

"ஒண்ணுமே தெரியல."

"ரசம், பாலு, குட்டி துணி... எல்லாம் எங்ககிட்டக் கேட்டுக் கேட்டுத்தானா?"

"ஆமா."

"எத்தனை தடவை பரீட்சைல பாஸ் பண்ணிட்டேன்னு பெருமையா இருந்தேன் தெரியுமா" என்றாள். சிரிக்கவில்லை. கண் நிறைந்திருந்தது. "சொல்லியிருந்தா நான் மோந்து சொல்லியிருக்க மாட்டனா?"

அன்றைக்கும் குட்டியைத் தரவில்லை. மறுநாள் காலையில் தந்தாள். தருவதற்கு முன்னால் என் வலது கையைப் பிடித்து, விரல் ஐந்தையும் தன் மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்தாள். பிறகு இடது கை. நான் சிறுபிள்ளைபோல் நின்றேன். கோபம்தான் வந்தது, மறைப்பானேன். எழுபது தாண்டியவளின் கையைத் திருடியின் கையைப்போல் சோதனை போடுவதா? ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"என்ன வாசம்?" என்றேன். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, தெரியாததைத் தெரியாதவளாகவே கேட்டேன்.

"பூண்டு. தேங்கா எண்ணெ."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

குட்டியைக் கையில் கொடுத்தாள்.

அது ஆகி இப்போது நாள் பலவாகிவிட்டது. குட்டி குப்புற விழுந்து தலை தூக்குகிறாள். பள்ளத்தில் செடி வெட்டுப்பட்ட இடத்தில் இரண்டாகக் கிளைத்து நிற்கிறது, யாரும் தோண்டுவதில்லை. பேத்தியும் முன்போல் இல்லை. வேலை மும்முரத்தில் சில நாள் விரலைப் பார்க்க மறந்துபோய்க் குட்டியை அப்படியே என்னிடம் நீட்டிவிடுகிறாள்.

நான் வாங்குவதில்லை. முதலில் விரல்களை நீட்டுகிறேன்.